இரண்டாவது ஜாய்ஸ்டிக்

ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடைகளில் மாத முதல் வாரத்துப் பேச்சில் பாதி கணக்குதான். ஊருக்கு எவ்வளவு அனுப்புவது, பைக் டியூ எவ்வளவு, சீட்டுக்கு எவ்வளவு என்று போகும் அந்தக் கணக்குகளுக்கு நடுவே இப்போதெல்லாம் இன்னொன்றும் காதில் விழுகிறது. பிசி அசெம்பிள் பண்ணுவதா, பிஎஸ்5 எடுப்பதா என்று இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன்கள், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, ஒருவன் போன் கால்குலேட்டரைத் தட்ட இன்னொருவன் எட்டிப் பார்த்துத் திருத்த, ஷிப்ட் பஸ் வருகிற வரைக்கும் வாதாடுவார்கள். நல்ல கணக்கு, ஒன்றும் விட்டுப்போகாது. கிராபிக்ஸ் கார்டு, ராம், மானிட்டர், எஸ்எஸ்டி, ஒவ்வொரு கேமுக்கும் ஆகும் விலை, மாதச் சந்தா, எல்லாம் வரும். ஆனால் எங்கள் காலத்தில் எந்தப் பெட்டியை வாங்கினாலும் முதல் வரியாகப் போட்ட ஒன்று இவர்கள் கணக்கில் வருவதே இல்லை. யாரோடு விளையாடப் போகிறோம், செலவை எத்தனை பேர் பங்கு போடப் போகிறோம் என்பதுதான் அந்த வரி.

இந்தப் பக்கமெல்லாம் ஏரிப் பாசனத்து நெல்லும் மேட்டு நிலத்து வேர்க்கடலையுமாக இருந்த காலத்தில் பிறந்தவன் நான். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வேலியடித்துக் கட்டடம் எழுப்பத் தொடங்கியபோதும், 1998இல் அங்கிருந்து முதல் சான்ட்ரோ வெளியே வந்தபோதும், சுங்குவார்சத்திரத்தில் எங்கள் கூட்டத்துக்கு இருந்த பெரிய தொழிற்சாலை ஒரு வீடியோ கேம் கடைதான். கடை என்றால் வீட்டுத் திண்ணையை ஓலைத்தட்டி வைத்து மறைத்த இடம். உள்ளே இரண்டு டிவி, இரண்டு கேம் பெட்டி, ஒரு பெஞ்சு. ஜப்பானில் 1983இல் நின்டெண்டோ விட்ட ஃபேமிகாம் பெட்டியைப் பார்த்துப் பார்த்து யார் யாரோ செய்த நகல்கள் அவை என்பதெல்லாம் எத்தனையோ வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்கு அது வெறும் 'டிவி கேம்', அதில் செருகும் மஞ்சள் நிறக் கட்டி 'கேசட்'. சென்னை பர்மா பஜாரில் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தோம். ஆயிரம் ரூபாய் எங்கள் வீடுகளில் ஒரு நல்ல நாள் செலவு. ஆகவே ஒரு மணி நேரத்துக்குப் பத்து ரூபாய் என்று கடையில் எழுதிப் போட்டிருந்த பலகையே எங்களுக்குப் பெட்டியின் விலை.

அந்தப் பத்து ரூபாயை யாரும் தனியாகக் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆளுக்கு இரண்டரை ரூபாய் சேர்த்து நாலு பேராகப் போவோம். இரண்டு பேர் விளையாட இரண்டு பேர் பார்ப்போம், ஒரு ஆள் செத்தால் அடுத்தவன் வாங்குவான். பார்க்கிறவனும் பாதி விளையாடுகிறவன்தான். 'குதிடா, குதிடா' என்று கத்தித் தொண்டை கட்டிக்கொள்வது அவனுக்குத்தான். அந்தப் பெட்டிகளோடு இரண்டு ஜாய்ஸ்டிக்கும் சேர்ந்தே வரும், வயரைக் கழற்றவே முடியாதபடி பெட்டிக்குள்ளேயே முடிச்சுப் போட்டிருக்கும். தனியாக விலை கிடையாது. அதில் ஒரு விசேஷம்: எங்கள் கடைப் பெட்டியில் முதல் ஜாய்ஸ்டிக்கில் மட்டும்தான் ஸ்டார்ட், செலக்ட் பொத்தான்கள் இருந்தன. இரண்டாவதில் அந்த இடம் வழுவழுவென்று வெறுமையாக இருக்கும். இரண்டாவதைப் பிடித்தவனால் ஆட்டத்தைத் தொடங்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. மூக்கில் ஈ உட்கார்ந்தால்கூடப் பக்கத்தில் இருப்பவனிடம் 'கொஞ்சம் நிறுத்துடா' என்று கெஞ்சித்தான் ஆகவேண்டும். அதனால் முதல் ஜாய்ஸ்டிக்குக்கு ஓட்டம் நடக்கும், சண்டை நடக்கும், ஆளைப் பிடித்துத் தள்ளுவது நடக்கும்.

'கான்ட்ரா' ஆடியவர்களுக்கு மூன்றாம் கட்டத்து அருவி நினைவிருக்கும். பாறை பாறையாகத் தாவி மேலே ஏறவேண்டும். திரையும் கூடவே மேலே நகரும். அவசரக்காரன் ஒருவன் மளமளவென்று ஏறினால் கீழே நிற்பவனின் காலடிப் பாறை திரைக்கு வெளியே போய்விடும், அவன் செத்தான். எதிரி சுட்டு அல்ல, கூட்டாளி முந்தியதால். அந்த அருவியில் எங்கள் ஊரில் முறிந்த நட்பும் உண்டு, ஒட்டிய நட்பும் உண்டு. என்னோடு ஏறும்போது மட்டும் ஒவ்வொரு பாறையிலும் நின்று 'வந்துட்டியா' என்று கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுகிற ஒருத்தன் இருந்தான். பிற்பாடு அவனோடுதான் ரூம் எடுத்தேன். 'டாங்க்' என்று நாங்கள் சொன்ன ஆட்டத்திலும் அப்படித்தான். ஒருவன் முன்னே போய்ச் சுட, ஒருவன் கீழே செங்கல் சுவருக்குப் பின்னால் இருக்கும் கழுகுச் சின்னத்தைக் காக்க வேண்டும். யார் காப்பது என்பதை ஜாய்ஸ்டிக்கைத் தொடுவதற்கு முன்னாலேயே பேசி முடித்துக்கொள்வோம்.

கம்ப்யூட்டர் எங்கள் பக்கம் வந்தது வேறு வாசல் வழியாக. அது 'படிப்புக்கு' வந்தது. சிப்காட்டுக்கு நிலம் கொடுத்துப் பணம் பார்த்த வீடுகளிலும், வாத்தியார் வீடுகளிலும், சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த பெட்டி வந்து இறங்கும்போது அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மேலே ஒரு துணி உறை போட்டு, பையன் இனி சி பிளஸ் பிளஸ் படிப்பான் என்று தெருவுக்கே சொல்லுவார்கள். இருபத்தையாயிரம், முப்பதாயிரம் என்று அன்றைக்கு ஆன அந்தச் செலவு முழுக்கப் படிப்புக் கணக்கில் போய்விடும். விளையாட்டுக் கணக்கில் அது பூஜ்யம். அதே வீட்டில் இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு கேம் பெட்டி கேட்டிருந்தால், கேட்ட பையனை வீட்டில் உட்காரவைத்து ஒரு வாரம் பேசியிருப்பார்கள். பிசியா கன்சோலா என்று விலைப்பட்டியல் போட்டு ஒப்பிடுகிறவர்கள் இந்த ஒன்றைக் கணக்கில் எடுப்பதே இல்லை: நம் வீடுகளில் பிசியை வாங்கித் தருவது அப்பா, கன்சோலை வாங்குவது நம் சம்பளம். அரசாங்கமும் ரொம்ப நாள் அப்பா கட்சியில்தான் இருந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது லேப்டாப்புக்கு 18 சதவீதம், கேம் கன்சோலுக்கு 28 சதவீதம். 2019 ஜனவரியில்தான் இரண்டும் ஒரே வரிசையில் வந்து நின்றன.

அந்த வாத்தியார் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் நாங்கள் இரண்டு பேராகத்தான் ஆடினோம் என்பது இப்போது யோசித்தால் அதிசயமாக இருக்கிறது. ஈஏ கம்பெனி 2006இல் விட்ட 'கிரிக்கெட் 07' என்ற ஆட்டம். அதற்கப்புறம் அந்தக் கம்பெனி கிரிக்கெட்டையே தொடவில்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் அது இன்னும் எத்தனை ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறதோ. ஒரே கீபோர்டில் இடது பக்கம் ஒருவன் பந்து போட, வலது பக்கம் ஒருவன் அடிக்க, நாலு கை முட்டிக்கொள்ளும். 'ரோட் ராஷ்', 'ஐஜிஐ', 'வைஸ் சிட்டி' எல்லாம் ஒரு ஆள் ஆட்டம்தான். ஆனால் ஒரு ஆள் மட்டும் அறையில் இருந்ததே கிடையாது. மிஷனில் செத்தால் நாற்காலி மாறவேண்டும் என்பது எழுதாத சட்டம். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரவுசிங் சென்டர்கள் வந்து, 'கவுன்டர் ஸ்ட்ரைக்' ஆட ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய் என்று ஆனபோதும், ஆறு கம்ப்யூட்டரில் ஆறு பேர் உட்கார்ந்து, பலகைத் தடுப்புக்கு மேலே தலை நீட்டி ஒருவனை ஒருவன் திட்டிக்கொண்டு ஆடிய ஆட்டம் அது. காசு கொடுத்தது கம்ப்யூட்டருக்கா, அந்தத் திட்டுக்கா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எங்கள் பகுதியில் ரூம் வாழ்க்கை பெருகியது 2006க்குப் பிறகு. அந்த வருஷம் ஜனவரியில் நோக்கியா தன் ஆலையை ஓட்டத் தொடங்கியது. அடுத்த வருஷம் டெல் வந்தது, சாம்சங் வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் என்று எங்கிருந்தெல்லாமோ டிப்ளமோ முடித்த பையன்கள் வந்து இறங்க, மாத்தூரிலும் வல்லத்திலும் மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் வரிசை வீடு கட்டி, ஆஸ்பெஸ்டாஸ் போட்டு, ஒரு ரூமுக்கு ஆறு பேர் என்று வாடகைக்கு விட்டார்கள். டிரெய்னி சம்பளம் ஐந்தாயிரம், ஆறாயிரம் இருந்தால் பெரிது. அப்படி ஒரு ரூமில்தான் நானும் இருந்தேன். பிஎஸ்2 வந்ததும் அந்த ரூமுக்குத்தான்.

சோனி பிஎஸ்3ஐ இந்தியாவில் விட்டது 2007 ஏப்ரலில். விலை 39,990 ரூபாய். பேப்பரில் அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு எங்களில் ஒருத்தன் தன் சம்பளத்தால் வகுத்துப் பார்த்து, பேப்பரை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டான். உலகமே பிஎஸ்3 பேசிய அந்த நேரத்தில் நாங்கள் பழைய பிஎஸ்2 ஒன்றை, செகண்ட் ஹேண்டில், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கினோம். உலகத்தில் அதுவரைக்கும் மட்டுமல்ல, இன்றுவரைக்கும் மிக அதிகமாக விற்ற கன்சோல் அதுதான்; அதன் தயாரிப்பே 2013 வரை ஓடியது. அதற்கு டிவி? அது அரசாங்கம் கொடுத்தது. 2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் கலைஞர் தொடங்கிவைத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி. ரூம் ஓனர் அம்மா வீட்டில் ஏற்கெனவே பெரிய டிவி இருந்ததால், அரசாங்கம் கொடுத்த பதினாலு இஞ்சை 'பசங்க பாருங்கப்பா' என்று எங்கள் ரூமில் வைத்துவிட்டார். பின்பக்கம் மஞ்சள் வயரும் வெள்ளை வயரும் செருக இடம் இருந்தது, சிவப்புக்கு இல்லை. ஒரு காதுச் சத்தத்திலேயே 'ஸ்மாக்டவுன்' ஆடினோம், 'மோஸ்ட் வான்டட்' ஓட்டினோம்.

மூன்று ஷிப்ட் பார்க்கும் ரூமில் ஒரு கன்சோல் என்னவாகும் என்பதை வெளியாட்களுக்குச் சொன்னால்தான் புரியும். காலை ஷிப்ட்காரன் மூன்றரைக்கு வந்து குளித்துவிட்டு உட்காருவான். இரண்டாம் ஷிப்ட்காரன் நடுராத்திரி வந்து, தூங்குகிறவன் முகத்தில் வெளிச்சம் படாமல் டிவிக்குப் பக்கத்தில் லுங்கியைக் கட்டித் தொங்கவிட்டுச் சத்தத்தைக் குறைத்து ஆடுவான். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவன் காலையில் இட்லிப் பொட்டலத்தோடு உட்காருவான். பெட்டி ஆறவே ஆறாது. ஆறு பேர் பங்கு போட்ட பெட்டி, நாள் முழுக்க ஓடியது. ஒரு மணி நேரத்துக்கு என்ன செலவு என்று யாராவது கணக்கு போட்டிருந்தால் பைசாவில்தான் வந்திருக்கும்.

பெட்டி பொது, டிவி பொது, ஜாய்ஸ்டிக் பொது. மெமரி கார்டு மட்டும் அவரவர் சொத்து. எட்டு எம்பி கொள்ளும் சின்னக் கறுப்புத் துண்டு. அதில்தான் நாம் வென்ற கார்களும் முடித்த கட்டங்களும் இருக்கும். ஒவ்வொருவனும் தன் கார்டில் மெடிக்கல் டேப்பை ஒட்டிப் பேர் எழுதி வைத்திருப்பான். நைட் ஷிப்ட் போகிறவன் கார்டை உருவி, பர்ஸுக்குள் அட்டைகளோடு வைத்துக்கொண்டு கம்பெனிக்கே எடுத்துப்போவான், யாராவது தெரியாமல் மேலே 'சேவ்' போட்டுவிடுவார்கள் என்ற பயம். கேட்டில் செக்யூரிட்டி ஒருமுறை அதைப் பிடித்துக்கொண்டு பென்டிரைவா என்று விசாரிக்க, லைனுக்குப் போகவேண்டியவன் பதினைந்து நிமிஷம் அங்கே நின்று 'மோஸ்ட் வான்டட்' என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தான். அவன் வேலையை விட்டு ஊருக்குப் போனபோது பெட்டியில் தனக்கு இருந்த பங்கை எங்களுக்கே விட்டுவிட்டான். கார்டை மட்டும் எடுத்துக்கொண்டான்.

டிஸ்க் விஷயத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் கணக்கு அங்கேதான் இருக்கிறது. நகல் டிஸ்க்கும் ஓடும்படி சிப் அடித்த பிஎஸ்2, பர்மா பஜாரில் ஐம்பது ரூபாய் டிவிடி, இதுதான் அந்தக் காலத்து உண்மையான விலை. ஒரிஜினல் டிஸ்க்கைக் கண்ணால் பார்த்தவன் எங்கள் வரிசை வீட்டில் கிடையாது. பிசியில் ஆடியவர்களுக்கும் அதே கதைதான். பிசிக்கும் கன்சோலுக்கும் அன்றைக்கு உண்மையில் இருந்த வித்தியாசம், பெட்டியின் விலையும் எத்தனை பேர் உட்கார முடியும் என்பதும்தான். டிஸ்க் ரூம் ரூமாகப் போகும். மாத்தூரில் வாங்கியது வல்லத்துக்குப் போய், அங்கிருந்து படப்பைக்குப் போய், ஆறு மாதம் கழித்து வேறு யாரோ பால் பாயின்ட் பேனாவால் பேரை மாற்றி எழுதிய உறையில் எங்களிடமே திரும்பி வந்திருக்கிறது. கீறல் விழுந்தால் பனியன் துணியில் பற்பசை தொட்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், சுற்றி வட்டமாகத் துடைக்கக் கூடாது. அதில் கை தேர்ந்தவனுக்கு அக்கம்பக்க ரூம்களில் ஒரு டாக்டரின் மரியாதை.

பெண் பிள்ளைகளின் கதை வேறு. நோக்கியா லைனில் நின்றவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலைக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வருவார்கள். அவர்களுக்கு கன்சோலும் கிடையாது, பிசியும் கிடையாது. கையில் இருந்த போனில் பாம்பு விளையாட்டு இருந்தது. 1997இல் நோக்கியா 6110இல் முதலில் வந்த அந்தப் பாம்பு, ஒன்பது வருஷம் கழித்து அந்தப் போன்களைச் செய்கிற பிள்ளைகளின் கையிலேயே பஸ்ஸில் ஊர்ந்தது. என் அக்கா மகள் முறை ஒருத்தி சொல்லுவாள், பின் சீட்டிலிருந்து முன் சீட்டுக்குப் போன் கைமாறிக் கைமாறி வரும், அன்றைக்கு யார் அதிகப் புள்ளியோ அவளுக்கு ஜன்னலோரம் என்று. நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1இல் மூடியது. 2019இல் சால்காம்ப் என்ற கம்பெனி அந்த இடத்தை வாங்கியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குவதற்குப் பெண் தொழிலாளர் விடுதி திறந்தார்கள். அங்கே தங்குகிற பிள்ளைகளுக்கும் போன்தான் கன்சோல், அதுதான் பிசி. லூடோ நாலு பேர் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து ஆடலாம் என்பதால்தான் அவர்களுக்கு அது பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

பிசி ஏழை வீட்டுக்குள் நுழைந்தது 2011இல்தான். இதுவும் ஒரு செப்டம்பர் 15, இதுவும் அண்ணா பிறந்தநாள். நமக்குப் பக்கத்துத் திருவள்ளூரில், காக்களூரில், ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கினார். ஒரு கட்சி கன்சோலுக்கு டிவி கொடுத்தது, அடுத்த கட்சி பிசியையே கொடுத்தது. இப்படி ஒரு கணக்கு உலகத்தில் வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை, எனக்கு இதில் பெருமைதான். பிளஸ் டூ பையன் வீட்டுக்குக் கொண்டுவந்த அந்த லேப்டாப்பில் 'வைஸ் சிட்டி' ஓடியது, பென்டிரைவில் ஊர் முழுக்கப் பரவியது, கூடவே அதே பையன் அதே லேப்டாப்பில் ரெஸ்யூமும் அடித்தான். எங்கள் லைனுக்கு அப்ரண்டிஸாக வந்த பையன்களில் பலருக்குக் கீபோர்டு பழகியது டைப்பிங் கிளாஸில் அல்ல, டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நாலு எழுத்தில்.

இப்போது அந்தப் பையன்கள்தான் டீக்கடையில் நின்று கால்குலேட்டர் தட்டுகிறார்கள். அவர்கள் கணக்கை நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன். 2021 பிப்ரவரியில் பிஎஸ்5 இங்கே வந்தபோது 49,990. அடுத்த வருஷம் நவம்பரில் 54,990 ஆனது. டிஸ்க் போடாத டிஜிட்டல் மாடல் அப்போது 44,990. வருஷம் ஆக ஆக விலை குறைந்த கன்சோல்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, வருஷம் ஆக ஆக ஏறுகிற கன்சோல் புதுசு. பெரிய கேம் ஒன்றுக்கு 4,999 ரூபாய். அஞ்சு கேம் வாங்கினால் இருபத்தையாயிரம், ஆக மொத்தம் எண்பதாயிரம். அந்த எண்பதாயிரத்துக்கு ரிச்சி தெருவில் அதே தரத்தில் ஓடும் பிசி ஒன்றை அசெம்பிள் செய்ய முடியும் என்பது பிசி கட்சியின் வாதம். பிசி கேம்களை ஆன்லைனில் விற்கும் ஸ்டீம் 2015 நவம்பரில் இந்தியாவுக்கு ரூபாய் விலை போட ஆரம்பித்ததிலிருந்து, தள்ளுபடிக் காலத்தில் முன்னூறுக்கும் ஐந்நூறுக்கும் நல்ல கேம்கள் கிடைக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் பிசி கட்சிக்கு 2021 மறந்துவிட்டது. கிரிப்டோ தோண்டுகிறவர்கள் கிராபிக்ஸ் கார்டுகளையெல்லாம் அள்ளிப்போக, விலை இரண்டு மடங்கு சொல்லியும் கடையில் சரக்கு இல்லாத வருஷம் அது. இப்போது ஏஐ தரவு மையங்கள் ராம் மேல் கை வைத்திருக்கின்றன. கன்சோலுக்கு விலை ஒரு பெட்டியில் ஒட்டியிருக்கும். பிசிக்கு விலை என்பது பத்து பாகங்களின் பத்து விதமான தலையெழுத்து.

ரூம் பையன்களுக்கு இதில் இன்னொரு வரியும் உண்டு, ஈபி. வீட்டுக்காரர்களுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். ரூமில் இருப்பவனுக்குத் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிற ஓனர்கள் இங்கே சகஜம். பிஎஸ்5 ஆடும்போது சுமார் இருநூறு வாட் இழுக்கும், நடுத்தர கேமிங் பிசி மானிட்டரோடு சேர்த்து முன்னூற்றைம்பது. தினம் மூன்று மணி நேரம் என்றால் மாதம் ஒன்று பதினெட்டு யூனிட், மற்றது முப்பத்தொன்றரை. பணமாகப் பார்த்தால் நூற்று முப்பத்தைந்து ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் அந்த வாட் எல்லாம் சூடாகத்தான் வெளியே வரவேண்டும், அக்னி நட்சத்திரத்தில், ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே. சித்திரை மாதம் ரூமில் பிசி வைத்திருக்கிற பையன்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வாசலில் பாய் விரித்துப் படுத்திருப்பதை நான் பார்க்கிறேன்.

இந்தப் பட்டையிலேயே லேப்டாப் செய்கிறார்கள் என்பது எனக்கு ஓயாத ஆச்சரியம். டெல்லின் ஆலை 2007இலிருந்து இங்கே; ஹெச்பி லேப்டாப்புகள் 2021இலிருந்து ஸ்ரீபெரும்புதூரில் ஃப்ளெக்ஸ் ஆலையில் தயாராகின்றன; எம்எஸ்ஐ தன் கேமிங் லேப்டாப் ஒன்றைச் சென்னையிலேயே பூட்டத் தொடங்கியிருக்கிறது. பகலில் லேப்டாப் பூட்டுகிற பையன் ராத்திரியில் எந்த லேப்டாப் வாங்கலாம் என்று கேட்கிறான். இங்கே பூட்டினால் விலை இறங்க வேண்டாமா என்றும் கேட்கிறான். பூட்டுவதுதான் இங்கே, கிராபிக்ஸ் சிப் தைவானிலிருந்து வருகிறது, விலையை அதுதான் முடிவு செய்கிறது. பிஎஸ்5 இன்னும் முழுசாகவே வெளியிலிருந்து வருகிறது.

போன வருஷம் என் அக்கா பையன், இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், 'மாமா, ரெண்டுல எது எடுக்கலாம்' என்று என்னிடமே வந்தான். பெட்டியைத் திறந்து காட்டும் வீடியோக்களை நூறு பார்த்திருந்தான். பிரேம் ரேட், ரே டிரேசிங் எல்லாம் என்னைவிட அவனுக்குத் தெரியும். நான் கேட்டது ஒன்றுதான், பெட்டியில் எத்தனை கண்ட்ரோலர் வருகிறது என்று. ஒன்று, இன்னொன்று வேண்டுமானால் ஆறாயிரம் ரூபாய்க்குப் பக்கம் என்றான். திண்ணைக் கடையில் வயரோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்த இரண்டாவது ஜாய்ஸ்டிக்கின் விலை இன்று எங்கள் பழைய பிஎஸ்2 முழுப் பெட்டியின் விலை. 'ரெண்டாவது எதுக்கு மாமா, எல்லாரும் ஆன்லைன்ல வருவாங்க' என்றான். வருவார்கள்தான். அவனவன் ரூமில், அவனவன் பெட்டியோடு, அவனவன் டிவியோடு, அவனவன் சந்தாவோடு. நாலு பேர் சேர்ந்து விளையாட நாலு பெட்டி வேண்டும் என்றால், பிசியா கன்சோலா என்ற கேள்வியே எனக்கு இரண்டாம்பட்சம்; இரண்டும் நாலு மடங்கு விலை. பெரிய ஆட்டங்களிலிருந்து திரையை இரண்டாகப் பிரித்து ஆடும் வசதி ஒவ்வொன்றாகக் காணாமல் போனதில்தான் நம் பணம் அதிகமாகப் போயிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன், அதற்கு யாரும் பில் கொடுப்பதில்லை. 2021இல் வந்த 'இட் டேக்ஸ் டூ' இரண்டு பேர் இல்லாமல் ஆடவே முடியாது. ஒருவர் வாங்கினால் நண்பன் இலவசமாகச் சேரலாம். அந்த மாதிரி ஆட்டம் செய்கிறவர்களுக்குக் கோயில் கட்டலாம்.

அவனிடம் நான் சொன்னது இதுதான். டிஸ்க் போடுகிற மாடலுக்கும் போடாததற்கும் அப்போது பத்தாயிரம் வித்தியாசம். அந்தப் பத்தாயிரத்தைக் கொடுத்துவிடு. டிஜிட்டலில் வாங்கிய ஆட்டத்தை விற்க முடியாது, இரவல் கொடுக்க முடியாது. டிஸ்க்காக இருந்தால் ஆடி முடித்து பாதி விலைக்காவது தள்ளலாம். நாலைந்து டிஸ்க் கைமாறினால் பத்தாயிரம் திரும்பி வந்துவிடும். ஸ்டீமில் எவ்வளவு மலிவாக வாங்கினாலும் இந்தக் கைமாற்று கிடையாது, பிசிக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

டிஸ்க் மாடலே எடுத்தான். இரண்டாவது கண்ட்ரோலர் என் செலவு. அதற்கப்புறம் நடந்தது நான் சொல்லிக்கொடுக்காதது: 'காட் ஆஃப் வார்' டிஸ்க் 4,999 என்றதும் காலேஜில் அஞ்சு பேர் ஆளுக்கு ஆயிரம் போட்டிருக்கிறார்கள். யார் எத்தனை நாள் வைத்துக்கொள்வது என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல், பரீட்சை நாட்கள் கழித்து. நடுவில் ஒருவனுடைய அண்ணன், கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்க்கிறவன், ஒரு வாரம் கேட்டு வாங்கிப்போய் மூன்று வாரமாகத் தரவில்லையாம். வர ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போகிற வழியில் அவன் ரூமில் இறங்கி வாங்கி வரவேண்டும், நீங்களும் வந்து கேட்டால் கொடுத்துவிடுவான் மாமா என்கிறான்.